பாபிலோன் ராஜாவுக்கு விழுந்த அறை

எங்கள் ஊரில் வருஷம் மூன்று முறை பிறக்கும். சித்திரை ஒன்றாம் தேதி விடியலில் கொன்றைப் பூவுக்கும் வெள்ளரிக்காய்க்கும் முன்னால் உட்காரவைத்துக் கண்ணைத் திறக்கச் சொல்வார்கள், அது ஒன்று. மலையாளக் கணக்கில் சிங்ஙம் மாதம் பிறக்கும் நாளில் பாறசாலைக் கடைக்காரர்கள் படியைக் கழுவி மாலை தொங்கவிடுவார்கள், அது இரண்டு. மூன்றாவது ஜனவரி ஒன்று. அதற்குப் பள்ளிக்கூட நாட்காட்டியும் மிஷன் சபைக் குடும்பங்களும் ஆதரவு. மூன்று தடவை பிறந்தும் ஒரு வருஷமாவது உருப்படியாக வளர்ந்ததா என்று அப்பா கேட்பார். அவருக்கு ரப்பர் விலை எப்போதும் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் வருஷம் என்பது முதன்முதலில் எந்த ஊரில், யார் வீட்டில் பிறந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. அதைக் கேட்டு, பதிலையும் தேடிப்பிடித்து, அந்தப் பதிலை என் வலது கையில் ஒப்படைத்தவள் என் சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளியில் சரித்திரம் கற்பித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அதியன்னூரில் இருந்தாள். எங்கள் வீட்டுக்கு வருவாள், ஆனால் மாமன் வராத நாளாகப் பார்த்து வருவாள். மாமன் என்றால் அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். பாறசாலையில் டைல்ஸ், குழாய், கழிவறைச் சாமான் விற்கும் கடை வைத்திருந்தார். ஆறடி உயரம், அதற்குத் தகுந்த அகலம், அதற்கும் தகுந்த மீசை. அவரும் சித்தியும் பேசிக்கொள்வதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் அம்மா அடுப்பில் ஏதோ கருகுவதாகச் சொல்லி எழுந்து போவாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அடுப்பில் ஒன்றும் இருக்காது என்பது தெரிந்த வயதுதான்.

ஊர் பாறசாலைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில், தமிழ்நாடு கேரள எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. ஜனவரி ஒன்றாம் தேதி சாயங்காலம் பள்ளி மைதானத்தில் கலைப்போட்டி நடக்கும். போட்டி என்று பெயர்தான். முடிவு எல்லாருக்கும் முன்னாலேயே தெரியும். தெக்கு முக்கு கிளப்காரர்கள் ஜெயிப்பார்கள். அவர்களிடம் கலர் விளக்கு உண்டு, புகை கக்கும் இயந்திரம் உண்டு, திருவனந்தபுரத்தில் நடனம் படித்த பிள்ளைகள் உண்டு. எங்கள் பக்கத்து வாயனசாலையில், அதாவது வாசகசாலையில், இருந்ததெல்லாம் நாலு அலமாரிப் புத்தகமும் ஒரு கேரம் போர்டும், தோற்றுத் தோற்றுப் பழகிய ஒரு செக்ரட்டரியும்தான்.

அந்த வருஷம் போட்டிக் கமிட்டி ஒரு தலைப்புக் கொடுத்தது: உலகம் எப்படிப் புத்தாண்டு கொண்டாடுகிறது. தலைப்பைக் கேட்டதும் செக்ரட்டரி பஸ் ஏறி அதியன்னூருக்குப் போனார். திரும்பி வரும்போது முகம் ஜெயித்த ஆளுடையதுபோல இருந்தது. சித்தி நாடகம் எழுதிக் கொடுக்க ஒப்புக்கொண்டுவிட்டாள்.

ஒரு நாட்டுக்கு ஒரு காட்சி. ஸ்பெயினில் வருஷம் மாறும்போது மணி அடிக்க அடிக்கப் பன்னிரண்டு திராட்சை தின்பார்களாம். டென்மார்க்கில் சிநேகிதர்கள் வீட்டு வாசலில் பிளேட்டுகளை எறிந்து உடைப்பார்களாம். ஜப்பானில் கோயில் மணியை நூற்றியெட்டு முறை அடிப்பார்களாம். ஈக்வடாரில் பழைய வருஷத்தை ஆள்பொம்மையாகச் செய்து கொளுத்துவார்களாம். அந்தக் காட்சிக்கு ஹெட்மாஸ்டர் அனுமதி கொடுக்கவில்லை, மைதானத்தை ஒட்டி ஓலைக் கொட்டகை இருந்தது. கடைசியில் வரவேண்டியது பாபிலோன்.

டென்மார்க்குக்கு வேண்டிய பிளேட்டைக் கேட்கச் செக்ரட்டரி மாமன் கடைக்குப் போனார். ஓரம் போன பீங்கான் டைல் அங்கேதான் கிடைக்கும், தூரத்துப் பார்வைக்கு அதுவே பிளேட். நானும் அம்மாவோடு அங்கே இருந்தேன்.

"எனக்க கடைச் சாமானெ உடைச்சா அந்த டென்மார்க்குகாரனுக்கு என்ன கிட்டும்?" என்றார் மாமன்.

"வாசல்ல எவ்வளவு உடைஞ்சு கிடக்குதோ அவ்வளவு சினேகம் உண்டுண்ணு அர்த்தமாக்கும் அண்ணே. டீச்சர் சொன்னா."

எந்த டீச்சர் என்று மாமன் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஒரு குழாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அது எந்தத் தண்ணீரோடும் இணையாத காட்சிக் குழாய். பிறகு, "வேற என்ன வேஷத்துக்கு ஆள் வேணும்?" என்று கேட்டார். ராஜா வேஷம் காலியாக இருப்பதைச் செக்ரட்டரி தயங்கித் தயங்கிச் சொன்னார். மாமன் ஒப்புக்கொண்டார். அம்மா என் கையை வலிக்கும்படி பிடித்தாள்.

வாயனசாலை மாடியில் ஒத்திகை. பாபிலோன் கதையைச் சித்தி எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னாள். ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் வசந்த காலத்தில், பார்லி விளையும் பருவத்தில், அந்த ஊரில் வருஷம் பிறந்ததாம். அன்றைக்கு ராஜா கோயிலுக்குள் தனியாகப் போகவேண்டும். பூசாரி அவருடைய கிரீடத்தையும் செங்கோலையும் வாங்கி வைத்துவிட்டு, கன்னத்தில் ஓங்கி அறைவார். காதைப் பிடித்து இழுத்து மண்டியிடச் செய்வார். தான் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று ராஜா சாமிக்கு முன்னால் சொல்லவேண்டும். அதன்பிறகு கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு அறை. அதில் ராஜாவுக்குக் கண்ணீர் வந்தால் அந்த வருஷம் நல்ல வருஷம். வராவிட்டால் சாமிக்குக் கோபம், ஊருக்கு நாசம்.

கதை முடிந்ததும் மாமன் என்னைப் பார்த்துத் திரும்பினார். சித்தி நாலு முழம் தள்ளித்தான் நின்றாள்.

"டீச்சர்ட்ட கேளு மக்கா, ராஜாவெ அடிக்க அந்தக் காலத்துல ஆளுண்டுமா?"

நான் திரும்பிச் சித்தியிடம் கேட்டேன்.

"மாமன்ட்ட சொல்லு, வருஷத்துல ஒரு நாளாவது ராஜாவெ அடிக்க ஆள் வேணும்ணாக்கும் அவங்க புத்தாண்டெ கொண்டாடினது."

நான் திரும்பி மாமனிடம் சொன்னேன். அந்த மாதம் முழுவதும் இதுதான் என் வேலை. இரண்டு பேரும் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும் தூரத்தில் நிற்பார்கள். ஆனாலும் பேச்சு என் வழியாகத்தான் போகவேண்டும். நான் ஒரு சொல்லை விட்டுவிட்டால் இரண்டு பேருமே திருத்துவார்கள். மாமன் நிற்கும் நிலை சரியில்லை என்றும், டீச்சருக்கு மேடை என்றால் என்ன தெரியும் என்றும், கிரீடம் கோணல் என்றும், மீசையை எடுக்கமுடியாது என்றும் நான் நாள்தோறும் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

பூசாரி வேஷம் போட யாரும் முன்வரவில்லை. மாமன்மேல் கைவைக்க ஊரில் எவருக்கும் தைரியம் இல்லை. பாதிப்பேர் அவரிடம்தான் டைல்ஸ் வாங்கவேண்டும். செக்ரட்டரி இருமல் என்றார். கடைசியில் சித்தி என்னைக் கைகாட்டினாள். மருமகள் அடித்தால் மானக்கேடு இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். எனக்குப் பஞ்சுத் தாடி ஒட்டினார்கள். மாமன் மண்டியிட்டால் அவர் கன்னம் சரியாக என் கைக்கு எட்டியது. அதனால் முதல் அறையும் மண்டியிட்ட பிறகே என்று பாபிலோன் சடங்கு எங்கள் ஊரில் கொஞ்சம் திருத்தப்பட்டது.

சாமான்கள் பெரும்பாலும் மாமன் கடையிலிருந்து வந்தன. செங்கோல் பொன்தாள் சுற்றிய பிவிசி குழாய். சிம்மாசனத்துக்கு ஐரோப்பியக் கழிவறை க்ளோசெட் ஒன்றைக் கவிழ்த்துப் பட்டுப் போர்த்தலாம் என்று செக்ரட்டரி சொன்னார். மாமன் பார்த்த பார்வையில் உடனே பிளாஸ்டிக் நாற்காலி வந்தது.

சிக்கல் இரண்டு. ஒன்று கண்ணீர். மாமன் அழுது யாரும் பார்த்ததில்லை. அவருடைய அப்பா இறந்தபோது மாமனுக்கு இருபத்திரண்டு வயதாம். ஒரு சொட்டு விடாமல் சவ ஊர்வலத்தை நடத்திவைத்து, பதினேழாம் நாள் கடையைத் திறந்தாராம். ஒத்திகையில் நான் எவ்வளவு ஓங்கி அறைந்தாலும், "கொசு கடிச்சமாதிரி இருக்கு" என்பார். கடைசியில் செக்ரட்டரி ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டாவது அறைக்கு முன்னால் திரையோரத்தில் அவர் சவாளைத் துண்டு, அதாவது வெட்டிய பெரிய வெங்காயம், வைத்துக்கொண்டு நிற்பார். நான் கையை அதில் தேய்த்துக்கொண்டு வந்து அறையவேண்டும்.

இன்னொரு சிக்கல் வசனம். ராஜா சாமிக்கு முன்னால் சொல்லவேண்டியது மூன்றே வரி. "நான் கோயிலை மறக்கவில்லை. நான் நகரத்தை அழிக்கவில்லை. என் காவலில் இருந்தவர் எவர் கன்னத்திலும் நான் அறையவில்லை." முதல் இரண்டையும் மாமன் கூரை அதிரச் சொல்வார். மூன்றாவது வரும்போது தொண்டை கட்டும், அல்லது டீ வேண்டும், அல்லது கடையிலிருந்து ஆள் வந்திருப்பதாகத் தோன்றும்.

"மாமன்ட்ட சொல்லு, மூணாவது வரியும் உண்டுண்ணு."

"டீச்சர்ட்ட சொல்லு, ரெண்டு போதும்ணு. ஆளுகளுக்குப் போரடிக்கும்."

"மாமன்ட்ட சொல்லு, அது நான் இட்டுக்கட்டினதில்ல. அந்த ஊர்க்காரன் களிமண்ணுல எழுதி வெச்சதாக்கும்."

 அன்றைக்கு மாமன் கிரீடத்தைக் கழற்ற மறந்து அப்படியே படியிறங்கிப் போய்விட்டார்.

ஜனவரி ஒன்றாம் தேதி வந்தது. மைதானம் நிறைந்திருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஜீப்பு ஜீப்பாக ஆட்கள் வந்திருந்தார்கள். தெக்கு முக்குக்காரர்கள் முதலில் ஆடினார்கள். எல்லா நாட்டுக் கொடியும் வந்தது, புகை வந்தது, பிள்ளைகள் புகைக்குள்ளிருந்து சிறகோடு வந்தார்கள். நாங்கள் திரைக்குப் பின்னால் நின்று அந்தப் புகையை விழுங்கினோம். செக்ரட்டரி, "இந்தத் தடவயும் போச்சு" என்று அமைதியாகச் சொன்னார்.

எங்கள் ஸ்பெயின் ஆரம்பத்திலேயே வழுக்கியது. திராட்சை வாங்கச் செக்ரட்டரி ஒரு பையனைப் பனச்சமூட்டுக்கு அனுப்பியிருந்தார். மலையாளத்தில் திராட்சைக்குப் பெயர் முந்திரி. அவரும் முந்திரி என்றே சொல்லி அனுப்பினார். பையன் சாலையைக் கடந்து தமிழ்க் கடையில் ஏறிவிட்டான். அவர்கள் முந்திரிப் பருப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்பெயின்காரர்கள் மணி அடிக்க அடிக்க முந்திரிப் பருப்பை மென்றார்கள். பன்னிரண்டாவது மணிக்கு ஒருவராலும் "புத்தாண்டு வாழ்த்து" என்று வாய்திறக்க முடியவில்லை. சனம் சிரித்தது. ஆனால் நல்ல சிரிப்பு. டென்மார்க்கில் பிளேட்டுகள் உடைந்தபோது விசில் பறந்தது. ஜப்பானுக்கு மணியடித்தவர் சித்தப்பா, சித்தியின் கணவர். அவர் மிஷன் சபைக் குடும்பத்துப் பிள்ளை, பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தார், சத்தமாகப் பேசியே யாரும் கேட்டதில்லை. சபையிலிருந்து இரவல் வாங்கிய மணியை அவர் ஒரே சீராக அடிக்க அடிக்க, அவ்வளவு பெரிய கூட்டமும் மெல்ல மெல்ல அடங்கியது.

அந்த அமைதிக்குள் மாமன் நடந்து வந்தார். தோளில் எங்கள் வீட்டுச் சன்னல் திரை, தலையில் கிரீடம், கையில் பிவிசி செங்கோல். டைல்ஸ் வாங்கியவர்களும் வாங்காதவர்களும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நான் பஞ்சுத் தாடியோடு எதிரே போனேன். கிரீடத்தை வாங்கினேன். செங்கோலை வாங்கினேன். அவர் குனிந்து கொடுத்த காதைப் பிடித்து மண்டியிட வைத்தேன். அறைந்தேன்.

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அந்தச் சத்தம் பள்ளிக் கட்டடத்தில் மோதித் திரும்பி வந்தது. 

"நான் கோயிலை மறக்கவில்லை," என்றார் மாமன். "நான் நகரத்தை அழிக்கவில்லை."

அப்புறம் நின்றுவிட்டார். டீ கேட்க அங்கே ஆளில்லை. நான் தாடிக்குள்ளிருந்து, "என் காவலில்..." என்று எடுத்துக் கொடுத்தேன்.

"என் காவலில் இருந்தவர் எவர் கன்னத்திலும்..."

மாமன் என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. திரையோரத்தைப் பார்த்தார். அங்கே சித்தி வசனத் தாளோடு நின்றிருந்தாள். யாராவது தடுமாறினால் எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

"அறைஞ்சேன்," என்றார் மாமன். "ஒருத்தியெ அறைஞ்சேன். எனக்க கையில வளந்த பிள்ளையெ."

சொன்னதும் அந்தப் பெரிய முகம் உடைந்தது. மீசை நனைந்தது. தோள் குலுங்கியது. மண்டியிட்டபடியே அவர் குழந்தைபோல அழுதார். முன்வரிசையில் ஒரு அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு வந்தது பயங்கரமான கோபம். ஒரு மாதம் ஒத்திகை பார்த்து, மூன்று வரியில் ஒரு வரியை இப்படித் தலைகீழாகச் சொல்லுவாரா ஒருவர்?

"தப்பு மாமா!" என்று கத்தினேன். "அறையவில்லைண்ணாக்கும்!"

மைக் அதையும் எடுத்துப் போட்டது. மைதானம் இடிந்து விழுவதுபோலச் சிரித்தது. சிரிப்பு அப்படியே கைதட்டலாக மாறியது. நான் கிரீடத்தை அவர் தலையில் வைத்தேன், செங்கோலைக் கையில் திணித்தேன். கண்ணீர் முன்னாலேயே வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் எனக்கு இன்னொரு அறை பாக்கி இருந்தது. திரையோரத்தில் செக்ரட்டரி சவாளையை நீட்டிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நான் சவாளையையும் பார்க்கவில்லை, தலையையும் பார்க்கவில்லை. வெறுங்கையால், ஒன்பது வயதுக்கு உள்ள மொத்த பலத்தையும் சேர்த்து அறைந்தேன்.

"ராஜா அழுதுவிட்டார்!" என்றேன். "இந்த வருஷம் நல்ல வருஷம்!"

அதற்குப் பிறகு நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. ஆட்கள் நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். தெக்கு முக்குப் பிள்ளைகள்கூடச் சிறகோடு ஓடிவந்து கை தட்டினார்கள். நடுவர்கள் அதிக நேரம் எடுக்கவில்லை. "ஒண்ணாம் சம்மானம், வாயனசாலை!" என்று ஒலிபெருக்கி சொன்னபோது செக்ரட்டரி தரையில் உட்கார்ந்துவிட்டார். சிறந்த நடிகர் மாமன். வசனம் மறந்துபோன இடத்தைக்கூட நடிப்பாக மாற்றிய சாமர்த்தியத்தை ஒரு நடுவர் தனியாகப் பாராட்டினார். எனக்குத் தனியாக ஒன்றும் தரவில்லை. ஆனால் கோப்பையை நான்தான் வாங்கினேன். அது என் இடுப்பு உயரம் இருந்தது.

கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடினேன். மாமன் பிளாஸ்டிக் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தார். சித்தி அவருக்கு எதிரே நின்றாள். வழக்கம்போல இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றேன்.

"அண்ணா, நான் எழுதினது அப்படி இல்லியே," என்றாள் சித்தி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"நீ எழுதினது தப்பாக்கும். நான் திருத்திச் சொன்னேன்," என்றார் மாமன். அவரும் என்னைப் பார்க்கவில்லை.

சித்தி சிரிக்கத் தொடங்கினாள், அது வேறு ஏதோவாக முடிந்தது. குனிந்து சேலைத் தலைப்பால் அவர் முகத்தில் வழிந்த சாயத்தைத் துடைத்தாள். சித்தப்பா மணியை என்ன செய்வது என்று தெரியாமல் தள்ளி நின்றார். மாமன் அவரை ஏறிட்டுப் பார்த்து, "மணியடி நல்லா இருந்துது" என்றார். சித்தப்பா தலையசைத்தார். அவர் கையிலிருந்த மணி தானாக ஒரு தடவை ஒலித்தது.

நடந்தது என்ன என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். தாத்தா இறந்தபோது சித்திக்கு எட்டு வயது. மாமன்தான் தலைவாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, ஆசிரியைப் பயிற்சிவரை படிக்கவைத்தவர். மிஷன் சபைப் பையனைக் கட்டப்போகிறேன் என்று அவள் வந்து சொன்ன நாளில், அதே மாமன் எல்லார் முன்னாலும் அவளைக் கன்னத்தில் அறைந்தார். அவள் உடுத்த சேலையோடு இறங்கிப் போனாள். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் ஒரு சொல்லும் பேசவில்லை. நான் சித்தியிடம் கேட்டேன்: அந்த மூன்றாவது வரிக்காகத்தானே பாபிலோனைத் தேர்ந்தெடுத்தாய்? "போடி, அது சரித்திரத்துல உள்ளதாக்கும்," என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள்.

ஆனால் அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றே. சவாளை இல்லாமல், வெறுங்கையால், ஊரில் ஒருவராலும் அழவைக்க முடியாத ஆளை அழவைத்தவள் நான்.

மாமனின் கடை பிக்கப் வண்டியில் ஊருக்குள் வலம் வந்தோம். முன்னால் ஓட்டுபவருக்கும் இன்னொருவருக்கும்தான் இடம். கோப்பை வாங்கிய பூசாரிக்குத்தான் அந்த இடம் என்று நான் ஏறப் போனேன். மாமன் கதவைச் சித்திக்குத் திறந்துவிட்டார். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. அப்பா என்னைத் தூக்கிப் பின்னால் விட்டார். அங்கே சித்தப்பா, செக்ரட்டரி, டென்மார்க்குகாரர்கள், மீதி முந்திரிப் பருப்பைத் தின்றுகொண்டிருந்த ஸ்பெயின்காரர்கள்.

வெயில் இன்னும் முழுக்க இறங்கவில்லை. வீட்டுக்கு வீடு ஆட்கள் வெளியே வந்து கையசைத்தார்கள். மாமன் ஹார்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நான் கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் உண்மை தெரியட்டும் என்று வழியெல்லாம் கத்தினேன்:

"மாமன் வசனத்தெ தப்பாச் சொன்னாரு! இருந்தாலும் நாங்க ஜெயிச்சோம்!"

ஒவ்வொரு தடவை நான் கத்தும்போதும் முன் சீட்டில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வசனத்தைத் தப்பாகச் சொன்னவர் கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டாமா என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.